மைசூர் சில்க்கை எந்தத் தராசில் நிறுப்பது?

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் துணி எடுக்கப் போகும் பெண்ணுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. சந்தையை ஒட்டிய சயாஜி ராவ் சாலைக் கடைகளில் ‘மைசூர் சில்க்’ என்று சொல்லியே ஆயிரம் ரூபாய்க்குள் கிரேப் புடவை எடுத்துப் போடுவார்கள். அந்த விலைக்கு அது பாலியெஸ்டராகத்தான் இருக்கும். தேவராஜ அர்ஸ் சாலைக்குப் போனால் ரேயான் குர்த்திகள், சிலவற்றில் பச்சை இலை அச்சிட்ட அட்டையோடு. கே.ஆர். சர்க்கிள் பக்கம் நடந்தால் கர்நாடக அரசின் பட்டுத் தொழில் கழகமான கே.எஸ்.ஐ.சி.யின் விற்பனைக் கூடம். அங்கே விலை பல மடங்கு. சரக்கு குறைவு, கூட்டம் அதிகம்.

இந்த மூன்றில் பூமிக்கு எது குறைந்த சுமை? இழைகளின் சூழல் சுமைக்கு மதிப்பெண் போடும், ஆடை நிறுவனங்கள் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் நம்பிய ஹிக் குறியீட்டைக் கேட்டிருந்தால், அது முதல் கடைக்கே வழி காட்டியிருக்கும். அதன் பட்டியலில் பாலியெஸ்டர் நல்ல பிள்ளை. பட்டு மிக மோசமான இழைகளில் ஒன்று. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமான தரவு எங்கிருந்து போனது என்று பார்த்தால், நம் தென்னிந்திய மல்பெரித் தோட்டங்களுக்கே வந்து சேர்கிறோம்.

2014இல் அஸ்துதில்யோ, தால்விட்ஸ், வோல்ராத் என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தியப் பட்டின் ஆயுட்சுழற்சி மதிப்பீட்டை ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். மல்பெரி வளர்ப்பதிலிருந்து கச்சாப் பட்டு நூலாவது வரை எவ்வளவு நீர், எவ்வளவு எரிசக்தி, எவ்வளவு உரம் என்பது அதன் கணக்கு. ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ என்று வைத்துப் பார்த்தால் மற்ற இழைகளைவிடப் பட்டின் சுமை மிக அதிகம் என்று அது காட்டியது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாசனக் கிணற்று மின்சாரம், தொழு உரம், கூடு அவிக்கும் அடுப்பின் விறகு என்று அவர்கள் குறிப்பிட்ட செலவுகள் எல்லாம் சாம்ராஜ்நகர், ராமநகரம், கிருஷ்ணகிரிப் பக்கத்து உழவர்களுக்கும் நூற்பாளர்களுக்கும் தெரிந்தவைதான். சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. உலகப் பட்டில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வரும்போது, தென்னிந்தியத் தரவை வைத்து உலகப் பட்டு முழுவதற்கும் மதிப்பெண் போட்டது குறியீடு. 2022 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் இதையெல்லாம் எழுதியது. அதே மாதம் நார்வேயின் நுகர்வோர் ஆணையம், ஹிக் தரவைக் காட்டி ஆடை விற்பது வாங்குபவரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்வது என்று தீர்மானித்தது. குறியீட்டை நடத்திய கூட்டமைப்பு, அந்த மதிப்பெண்ணை ஆடையிலேயே நுகர்வோருக்குக் காட்டும் அட்டைத் திட்டத்தை நிறுத்திவைத்தது.

ஒரு கிலோ என்ற அலகில்தான் என் முதல் சந்தேகம். யாரும் கிலோவை உடுத்துவதில்லை. பாலியெஸ்டர் புடவை பதினைந்து முறை கட்டியபின் பொலிவிழந்து ஒதுங்குகிறது என்றும், மைசூர் சில்க் இருபது ஆண்டுகள், ஆண்டுக்கு ஆறு முறை உடுத்தப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஏறத்தாழ ஒரே எடை. அப்படியானால், உடுத்தும் ஒவ்வொரு முறைக்கும் பாலியெஸ்டருக்கு இணையான சுமை ஆவதற்கே பட்டு கிலோவுக்கு எட்டு மடங்கு மோசமாக இருக்க வேண்டும். இது கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண். முகூர்த்தத்துக்கு ஒருமுறை கட்டி பீரோவில் பூட்டப்படும் கனத்த ஜரிகைப் பட்டுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். மைசூர் சில்க்கின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. வெற்றுடல், ஒல்லி ஜரிகைக் கரை, முறுக்கேற்றிய நூலால் வரும் கிரேப் துவட்சி, அரைக் கிலோவுக்கு முன்னே பின்னே எடை. ஆசிரியைகளும் வங்கி ஊழியைகளும் பள்ளி விழாவுக்கும் அலுவலக நாளுக்கும் கட்டிக்கொண்டு போகிற பட்டு அது. அடிக்கடி உடுத்தப்படும் பட்டு என்பதே அதன் பெரிய சூழலியல் தகுதி. கிலோவுக்குக் கிலோ ஒப்பிடும் குறியீட்டில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

இனி ஆலைக்குள் போகலாம். 1912இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஸ்விட்சர்லாந்திலிருந்து விசைத்தறிகளை வரவழைத்து மைசூரில் இந்த நெசவாலையைத் தொடங்கினார். அரண்மனைக்கும் படையினரின் அலங்காரத் துணிக்குமாக நெய்த ஆலை அது. விடுதலைக்குப் பின் மாநிலப் பட்டு வளர்ச்சித் துறையிடம் வந்து, 1980இல் கே.எஸ்.ஐ.சி.யிடம் சேர்ந்தது. 2005இல் மைசூர் சில்க் புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறி என்றாலே பசுமை, விசைத்தறி என்றாலே பாவம் என்று நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு கொஞ்சம் சங்கடமானது. நூறாண்டு தாண்டியும் மதிப்போடு நிற்கும் இந்தப் புடவை பிறந்ததே இயந்திரத்தில்தான்.

இந்த ஆலை தனக்குத் தேவையான நூலைத் தானே நூற்கிறது என்பதை இன்றைய ஆடை நிறுவனங்கள் கவனிக்க வேண்டும். ராமநகரம் போன்ற அரசு அங்காடிகளில் உழவர்கள் கொண்டுவரும் கூடு ஏலத்தில் வாங்கப்படுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி உழவர்களும் விலை பார்த்து அங்கே கூட்டை ஏற்றிச் செல்வதுண்டு. காவிரியும் கபிலையும் கூடும் திருமகூடலு நரசிபுரத்தில் கழகத்தின் நூற்பாலை இருக்கிறது. நூற்பில் மிஞ்சும் கழிவுப் பட்டைத் திரித்து நூலாக்க சென்னபட்டணத்தில் தனி ஆலை. நெசவு மைசூரில். கூட்டிலிருந்து புடவை வரை ஒரே கைக்குள் இருப்பதால், உங்கள் நூல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இவர்களால் பதில் சொல்ல முடியும். நடுத்தர விலை குர்த்தி விற்கும் பெரும்பாலான நிறுவனங்களுக்குத் தைத்த இடம் தெரியும். நூற்ற இடம் தெரியாது.

அது ஏன் முக்கியம் என்பதற்கு 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையைப் படிக்க வேண்டும். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றியது. கர்நாடகத்தின் நூற்பு, முறுக்குப் பட்டறைகளும் காஞ்சிபுரம், வாரணாசித் தறிகளும் அதில் வருகின்றன. கொதிநீரில் கைவிட்டு நூல்நுனி தேடும் வேலைக்கு, முன்பணம் வாங்கிய பெற்றோரின் பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். நீரையும் கரியமில வாயுவையும் மட்டும் அளக்கும் அட்டவணையில் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் எங்கே? சிறு பட்டறைகளின் இருட்டிலிருந்து வெளியே, சம்பளப் பட்டியலும் தொழிற்சங்கமும் உள்ள ஆலைக்குள் நூற்பு வந்ததே ஒரு நிலைத்தன்மை நடவடிக்கை என்பேன். அரசு நிறுவனத்தை இப்படிப் பாராட்டுவது இப்போது வழக்கத்தில் இல்லை என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு எத்தனை கிலோ கூடு தேவை என்பதை நூற்பாளர்கள் ‘ரெண்டிட்டா’ என்பார்கள். கலப்பினக் கூட்டுக்கு ஏழை ஒட்டி வரும். இருசந்ததி (பைவோல்டைன்) வெண்பட்டுக் கூட்டுக்கு இன்னும் குறையும். ஏழு என்றே வைத்தால் அரைக் கிலோ நூலுக்கு மூன்றரைக் கிலோ கூடு. பச்சைக் கூட்டின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு உள்ளே இருக்கும் கூட்டுப்புழு. ஆக ஒரு புடவைக்குப் பின்னால் இரண்டே முக்கால் கிலோ அளவுக்குப் புழு வருகிறது. அதைக் குப்பையாகக் கொட்டினால் நாற்றமும் மாசும். எண்ணெய் எடுத்து, கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக்கினால் அது வேறொரு தொழிலின் மூலப்பொருள். வடகிழக்கில் ‘எரி’ என்ற பட்டு வகையின் புழு விருப்பமான உணவு. இந்தப் புழுவைக் கழிவாக எழுதுவதா, விளைபொருளாக எழுதுவதா என்பதைப் பொறுத்துப் பட்டின் மதிப்பெண்ணே கணிசமாக மாறும்.

நூலில் ஒட்டியிருக்கும் செரிசின் என்ற பசையைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து நீக்கும்போது இன்னொரு நாலில் ஒரு பங்கு எடை போய்விடுகிறது. போவது நீரோடு. இந்த நீரும் சாய நீரும்தான் பட்டாலையின் உண்மையான மாசு. விறகு அடுத்தது. கூடு அவிக்கும் அடுப்புக்கு விறகைக் குறைக்க டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் 1990களில் கர்நாடக நூற்பாளர்களுக்காக உயிரிப்பொருள் வாயுக்கலன் அடுப்பை உருவாக்கியது. சுவிஸ் அரசு அதற்குத் துணை நின்றது. தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனால் சிறு நூற்பாளர் கடன் வாங்கி அடுப்பை மாற்ற வேண்டுமானால், மாற்றியதற்கு நூல் விலையில் ஏதாவது கிடைக்க வேண்டும். ஜவுளிச் சந்தையில் அப்படி ஒரு விலை எழுதப்பட்டதே இல்லை.

மல்பெரித் தோட்டத்தில் ஒரு நன்மை தானாகவே நடக்கிறது. பட்டுப்புழு பூச்சிமருந்தைத் தாங்காது. இலையில் கொஞ்சம் மருந்து பட்டாலும் மொத்த வளர்ப்பும் படுத்துவிடும். புகையிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் மல்பெரி வைக்கக் கூடாது என்பது உழவர்களின் பாலபாடம். அதனால் எந்தச் சான்றிதழ்க்காரரும் வந்து பார்க்காமலே இந்தத் தோட்டங்களில் மருந்துத் தெளிப்பு கட்டுக்குள் இருக்கிறது. மைசூரிலேயே இயங்கும் மத்திய பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் 1960களிலிருந்து இனப்பெருக்கத்தில் செய்த வேலையின் பெரும்பகுதி விளைச்சலுக்காக என்றாலும், வி-1 என்ற மல்பெரி ரகம், இருசந்ததிப் புழு இனங்கள் எல்லாம் ஒரே நீரில் கூடுதல் நூல் என்ற கணக்குக்கும் உதவுகின்றன. ரெண்டிட்டா ஏழிலிருந்து ஆறுக்கு இறங்கினால் ஒவ்வொரு கிலோ நூலுக்கும் ஒரு கிலோ கூடு, அதற்கான இலை, அதற்கான நீர் மிச்சம். பச்சை இலை அட்டையை விட எனக்கு இந்த எண்ணில்தான் நம்பிக்கை.

புழுவைக் கொல்லாமல் பட்டு எடுக்க முடியாதா என்ற கேள்வி தமிழர்களுக்குப் பழையது. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டு உடுத்துவதை விட்டுவிடச் சொல்லிவந்தார். குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி வெங்கட்ராமன், உயிர்க்கொலையில்லாப் பட்டுப் புடவை கிடைக்குமா என்று கேட்டது ஹைதராபாத்தின் குசுமா ராஜய்யாவை அகிம்சைப் பட்டு முயற்சியில் இறக்கியது. அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய பின் கூட்டை எடுத்தால் நூல் அறுந்து போயிருக்கும். நீளமாக உருவ முடியாது. பஞ்சைப் போல் திரிக்க வேண்டும். மினுக்கம் குறையும், விலை ஏறும், நூல் குறைவாகக் கிடைப்பதால் கிலோவுக்கு இலையும் நீரும் கூடும். உயிருக்கான அறமும் நீருக்கான அறமும் இங்கே எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலந்து தருபவர்கள் நம் சார்பில் ஒரு தேர்வைச் செய்துவிடுகிறார்கள்.

பட்டோடு ஜரிகையையும் பார்க்க வேண்டும். கே.எஸ்.ஐ.சி. தன் ஜரிகையில் 65 விழுக்காடு வெள்ளியும் 0.65 விழுக்காடு தங்கமும் இருப்பதாகச் சொல்லி விற்கிறது. தங்கம், வெள்ளி விலையோடு புடவை விலையும் ஏறிக்கொண்டே போவதற்கு இது ஒரு காரணம். சுரங்கத்திலிருந்து வரும் உலோகத்தை உடையில் வைப்பது எப்படிப் பசுமையாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த உலோகம் குப்பைக்குப் போவதில்லை. பழைய பட்டுப் புடவை வாங்குவோர் தெருத் தெருவாக வருவது அந்த வெள்ளிக்காகத்தான். துணியை எரித்து வெள்ளியை உருக்கி எடுக்கிறார்கள். நல்லதாக இருக்கும் பகுதி அதற்கு முன்பே பேத்திக்குப் பாவாடையாகியிருக்கும். மறுசுழற்சிக்கான பழைய, விளம்பரமில்லாத வலைப்பின்னல் இது. உடையின் இறுதிக்காலத்துக்கு ஒரு விலை வைத்திருப்பதால் அது தானாக நடக்கிறது. பாலியெஸ்டர் ‘ஜரிகை’ப் புடவையை வாங்க எந்த வியாபாரியும் வாசலில் குரல் கொடுப்பதில்லை. உடுத்துபவரின் பக்கமும் ஒன்று உண்டு. பட்டு என்றாலே டிரைவாஷ் என்று ஆகிவிட்டது. அதற்குப் பல இடங்களில் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன் நிலத்தடி நீருக்கு நல்லதல்ல. சாயம் போகாதா என்று ஓரத்தில் சோதித்துவிட்டுப் பூந்திக்கொட்டை நீரில் அலசும் பாட்டி வைத்தியம் பல வெற்றுடல் மைசூர்ப் புடவைகளுக்குப் போதும்.

விலைக்கு வருவோம். நடுத்தரக் குடும்பம் வாங்கும் பட்டு என்ற பெயர் மைசூர் சில்க்கிடமிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. 2018இல் வரமகாலட்சுமி நோன்பை ஒட்டி 4,500 ரூபாய்க்கு மைசூர் சில்க் என்று கர்நாடக அரசு அறிவித்தபோது எழுந்த பரபரப்பே அதற்குச் சாட்சி. இப்போதெல்லாம் சரக்கு வரும் நாளில் விடியுமுன் வரிசையில் நின்று டோக்கன் வாங்குகிறார்கள். இதை நிர்வாகக் கோளாறு என்று திட்டுவது எளிது. எனக்கு இது இன்னொரு விதமாகவும் தெரிகிறது. ஆடைத் தொழிலின் பெரிய கழிவுகளில் ஒன்று விற்காத சரக்கு. 2018இல் பர்பெர்ரி நிறுவனம் ஒரே ஆண்டில் 2.8 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட விற்காத பொருளை எரித்ததை ஒப்புக்கொண்டது. மைசூர் ஆலைக்கு எரிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. நெய்வதெல்லாம் விற்கிறது. அதே சமயம் வரிசையில் நின்று கிடைக்காதவர் எங்கே போகிறார்? சயாஜி ராவ் சாலையின் பாலியெஸ்டருக்கு. 2023இல் உலகில் உற்பத்தியான 12.4 கோடி டன் இழையில் 57 விழுக்காடு பாலியெஸ்டர். உண்மைப் பட்டின் பற்றாக்குறை போலிக்கு ஒரு சந்தையைத் திறந்துவிடுகிறது. நூலின் ஓரத்தைத் தீயில் காட்டிப் பார்த்தால் பட்டு தலைமுடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகும். 2004இல் மத்திய பட்டு வாரியம் தொடங்கிய சில்க் மார்க் முத்திரை இந்தச் சோதனையை வாங்குபவர் கடையில் செய்ய வேண்டாதபடிக்கு வந்ததுதான்.

அர்ஸ் சாலையின் ரேயான் குர்த்திக்கும் கர்நாடகத்தில் ஒரு முன்கதை உண்டு. ரேயான் மரக்கூழிலிருந்து வருவது. அதனால் ‘இயற்கை இழை’ என்று அட்டையில் எழுதுவது எளிது. 1984இல் மாநில அரசும் கூழாலையான ஹரிஹர் பாலிஃபைபர்ஸும் சேர்ந்து கர்நாடகா பல்ப்வுட் என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்து, ஏறத்தாழ 30,000 ஹெக்டேர் பொது நிலத்தில் கூழுக்கான யூகலிப்டஸ் வளர்க்கத் திட்டமிட்டன. மேய்ச்சலும் விறகும் தந்துகொண்டிருந்த நிலம் அது. 1987 நவம்பர் 14இல் குஸ்னூரில் ஊர்மக்கள் யூகலிப்டஸ் கன்றுகளைப் பிடுங்கித் தங்களுக்குப் பயன்படும் மரக்கன்றுகளை நட்டார்கள். ‘கித்திக்கோ ஹச்சிக்கோ’ சத்தியாகிரகம் என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டத்தை எஸ்.ஆர். ஹிரேமத்தின் சமாஜ் பரிவர்த்தன சமுதாயா முன்னெடுத்தது. கூழாலைக் கழிவால் துங்கபத்திரை கெட்டதையும் அதே அமைப்பு எதிர்த்தது. 1991இல் கூட்டு நிறுவனம் கலைக்கப்பட்டது. குர்த்தி அட்டையில் ‘இயற்கை’ என்று எழுதுபவர், கூழ் எந்த நிலத்தில் வளர்ந்தது என்பதையும் எழுதினால் நன்று.

நடுத்தர விலையில் பெண்களுக்கு ஆடை விற்றுக்கொண்டே இந்தக் கணக்குகளையெல்லாம் நேர்மையாகச் சுமக்க முயன்ற ஒரு நிறுவனமும் கர்நாடகத்தில் இருக்கிறது. சிவமொக்கா மாவட்டம் சாகர் வட்டத்தில் பீமனகோணே கிராமத்தின் சரகா பெண்கள் கூட்டுறவுச் சங்கம், நாடக இயக்குநர் பிரசன்னாவின் முயற்சியில் 1990களில் உருவானது. கைத்தறிப் பருத்தி, இயற்கைச் சாயம். ‘தேசி’ என்ற பெயரில் விற்பனை. மலைநாட்டில் பாக்கு வேகவைத்தபின் மிஞ்சும் சோகரு என்ற சாறு அவர்களின் செம்பழுப்புக்கு மூலம். வேறு நிறங்களுக்கு மாதுளைத் தோல், அவுரி. வீணாகும் வேளாண் கழிவே சாயம் என்பதால் திருப்பூர் பட்ட பாடு இங்கே இல்லை. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் உப்பேறிக் கிடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் அங்கே கழிவுநீரை முழுவதும் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடுகள் ஒழுங்குக்கு வந்தன.

ஆனால் சரகாவின் கதையை வெற்றிக்கதையாக எழுத முடியாது. 2015 ஏப்ரலில் நஞ்சன்கூடு அருகே காந்தி காலத்துக் காதி மையமான பதனவாளுவில் பிரசன்னா நிலைத்த வாழ்க்கைக்கான மாநாடு கூட்டினார்; 2017இல் கையால் செய்த பொருளுக்கு ஜி.எஸ்.டி. கூடாது என்று உண்ணாவிரதம் இருந்தார். 2020இல் கொரோனா முடக்கத்தில் சரக்கு தேங்க, சங்கம் தன் நெருக்கடியை வெளிப்படையாக அறிவித்தது. மிகப் பசுமையான உற்பத்திமுறை கொண்ட நிறுவனத்துக்கு விற்பனைக்கூடமும் நடைமுறை மூலதனமும் குறைவு. அரசு ஆலைக்கு வாங்குபவர் வரிசை உண்டு, பசுமைக் கணக்கு கிடையாது. சரகாவின் நெசவாளர் கூலியும் சாயச் செலவும் விலையில் சேர்ந்திருப்பதால் அதே குர்த்தி அர்ஸ் சாலை ரேயானைவிடக் கொஞ்சம் கூடுதலாகிறது. அந்தக் கொஞ்சம்தான் துங்கபத்திரைக் கரையில் யாரோ கட்டிய தொகை என்று கடையில் யாரும் சொல்வதில்லை.

கே.எஸ்.ஐ.சி. தன் ஒவ்வொரு புடவையிலும் தனித்த எண் ஒன்றை இட்டு விற்கிறது. போலியைத் தடுப்பதற்காக வந்த ஏற்பாடு அது. கூடு அரசு அங்காடியில் லாட் கணக்கில் ஏலம் போகிறது. நூற்பும் நெசவும் கழகத்தின் கூரைக்குள். எந்த அங்காடிக் கூடு, அந்தத் தொகுதியின் ரெண்டிட்டா எவ்வளவு, கொதிகலனில் என்ன எரிந்தது, சாயநீர் எங்கே போனது என்று நான்கு வரிகளை அந்த எண்ணோடு சேர்த்து வெளியிட இவர்களுக்கு வெளிநாட்டுக் குறியீட்டின் தயவு தேவையில்லை. வெளியிட்டால் சில வரிகள் சங்கடமாக இருக்கும். விறகும் நீரும் நிச்சயம் இருக்கும். பாலியெஸ்டர் கடைக்காரரிடமும் ரேயான் கடைக்காரரிடமும் அதே நான்கு வரிகளை அதற்குப் பிறகு கேட்கலாம்.